ஜெராக்ஸ் கடைக்குப் போனதும் ஃபைல் ஏன் மாறிடுது? - சரியான 'பிரின்டரை'த் தேர்ந்தெடுக்க ஒரு கைடு!

புராஜெக்ட் ரிப்போர்ட் சமர்ப்பிக்க நாளைதான் கடைசி நாள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து முடித்த ஃபைலை வாட்ஸ்அப்பில் போட்டுக்கொண்டு, காலேஜுக்கு எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் ஃபைலைத் திறக்கிறார். லேப்டாப்பில் 62 பக்கம் இருந்த ரிப்போர்ட், அங்கே 65 பக்கம். பொருளடக்கத்தில் 27-ம் பக்கம் என்று போட்டிருக்கும் மூன்றாவது அத்தியாயம் 29-ல் தொடங்குகிறது. ஒரு டேபிள் பாதியில் உடைந்து அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. தமிழில் அடித்த சமர்ப்பணப் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக நிற்கிறது.

"அண்ணா, இது என் ஃபைல்தானா?"

"உன் ஃபைல்தான் தம்பி. எங்க சிஸ்டத்துல அந்த ஃபான்ட் இல்ல. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணித் தரவா?"

இந்த 'அட்ஜஸ்ட்'டில்தான் பல பேருடைய மார்க்கும், வேலை வாய்ப்பும், கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயரும் சிக்கிக்கொள்கின்றன. பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்க, உங்கள் ஃபைலை எழுதாத ஒருவர், உங்களுக்குப் பழக்கமில்லாத கம்ப்யூட்டரில் அவசரமாகத் திருத்துவார். எது மாறியது, எது விடுபட்டது என்று பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

இதில் கடைக்காரர் மீது தப்பில்லை. பிரின்டர் மீதும் தப்பில்லை. வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே, ஃபைலைச் சரியான 'பிரின்டருக்கு'க் கொடுத்திருந்தால் இந்தப் பிரச்னையே வந்திருக்காது. 'என்கிட்ட பிரின்டரே இல்லையே ப்ரோ' என்கிறீர்களா? இருக்கு. உங்க பாக்கெட்டிலேயே இருக்கு!

ஒரே ஃபைல் ஏன் இடத்துக்கு இடம் மாறுது?

வேர்டு ஃபைல் என்பது சமையல் குறிப்பு மாதிரி. சமைத்த சாப்பாடு கிடையாது. 'இந்த வரியை இந்த ஃபான்ட்டில், 12 பாயின்ட் அளவில், இவ்வளவு மார்ஜின் விட்டு வை' என்கிற குறிப்புகள்தான் அதற்குள் இருக்கின்றன. திறக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அந்தக் குறிப்பைப் படித்து, தன்னிடம் இருக்கும் பொருளை வைத்துப் புதுசா சமைக்கிறது. பொருள் மாறினால் ருசி மாறத்தானே செய்யும்? முக்கியமாக மூன்று பொருள்கள் மாறுகின்றன.

முதலாவது, ஃபான்ட். நீங்கள் பயன்படுத்திய ஃபான்ட் கடை கம்ப்யூட்டரில் இல்லையென்றால், அது கையில் கிடைத்த வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். புது ஃபான்ட்டின் எழுத்து ஒரு மயிரிழை அகலமாக இருந்தால்கூடப் போதும். வரிக்கு ஒரு சொல் கீழே இறங்கும், பக்கத்துக்கு இரண்டு வரி தள்ளும். 60 பக்க ரிப்போர்ட்டில் இது சேர்ந்து சேர்ந்து இரண்டு மூன்று பக்கமாகிவிடும்.

இரண்டாவது, ஆப். நீங்கள் போனில் கூகுள் டாக்ஸில் அடித்திருப்பீர்கள். கடையில் பழைய வேர்டு வெர்ஷனில் திறப்பார்கள். டேபிள், டெக்ஸ்ட் பாக்ஸ், படங்களைச் சுற்றி எழுத்து ஓடும் விதம் எல்லாவற்றையும் ஒவ்வொரு ஆப்பும் தன் இஷ்டத்துக்குப் புரிந்துகொள்ளும்.

மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது: பிரின்டர் டிரைவர். வேர்டு போன்ற மென்பொருள்கள் பக்கத்தை அமைக்கும்போதே, 'இந்தக் கம்ப்யூட்டரில் எந்த பிரின்டர் தேர்வாகியிருக்கிறது? அதால் பேப்பரின் எந்த ஓரம் வரை அச்சடிக்க முடியும்?' என்று டிரைவரிடம் கேட்டுக்கொள்கின்றன. பிரின்டரை மாற்றினால், ஃபைலில் ஒரு எழுத்தைக்கூடத் தொடாமலேயே வரிகள் நகர வாய்ப்பு இருக்கிறது. 'நான் எதையுமே மாத்தலையே!' என்று நீங்கள் சொல்வது நூறு சதவிகிதம் உண்மைதான்.

டிரைவர்னா யாரு?

கம்ப்யூட்டருக்கும் பிரின்டருக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்தான் டிரைவர். 'இந்த இடத்தில் க என்ற எழுத்தைப் போடு' என்று ஆப் சொல்லும். பிரின்டருக்கு அது புரியாது. ஹெச்.பி பிரின்டர்கள் பலவற்றுக்கு பி.சி.எல் என்ற மொழி தெரியும். எப்சனின் பழைய டாட் மேட்ரிக்ஸ் மெஷின்களுக்கு வேறொரு மொழி. விலை குறைந்த சில மாடல்களுக்குச் சொந்தமாக எதுவுமே தெரியாது; எந்தப் புள்ளியில் மை விழ வேண்டும் என்பது வரை கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு அனுப்ப வேண்டும். இந்த வேலை எல்லாம் டிரைவருடையது.

விண்டோஸில் பிரின்ட் கொடுக்கும்போது 'பிரின்ட் டு ஃபைல்' என்று ஒரு சின்ன டிக் பாக்ஸ் பார்த்திருக்கலாம். அதை டிக் செய்தால் பேப்பரில் அச்சாகாமல், பி.ஆர்.என் என்று முடியும் ஒரு ஃபைல் கிடைக்கும். 'ஆஹா, இதையே கடைக்குக் கொண்டுபோனால் அப்படியே அச்சாகிவிடுமே' என்று தோன்றும். அங்கேதான் பொறி இருக்கிறது. அந்த ஃபைல், நீங்கள் தேர்ந்தெடுத்த பிரின்டருக்காக அதன் மொழியில் எழுதப்பட்டது. கடையில் வேறு மெஷின் இருந்தால், பக்கம் பக்கமாகப் புரியாத குறிகளைத் துப்பும், இல்லையென்றால் பேசாமல் படுத்துக்கொள்ளும். உங்க வீட்டுச் சாவியைக் கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் திறக்கிற கதைதான்.

எங்கு கொண்டுபோனாலும் ஒரே மாதிரி அச்சாக வேண்டுமென்றால், எந்த ஒரு மெஷினுக்கும் சொந்தமில்லாத, பொதுவான டிரைவர் தேவை. இந்தத் தேவையிலிருந்துதான் இன்று நாம் தினமும் பயன்படுத்தும் ஒன்று பிறந்தது.

ஜெராக்ஸிலிருந்து வெளியேறிய இருவர்

நம்ம ஊரில் போட்டோகாப்பிக்கே 'ஜெராக்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டோம். அதே ஜெராக்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நடத்திய புகழ்பெற்ற ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள் ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கே. எந்த பிரின்டருக்கும் பொருந்தும் பக்க விவரிப்பு மொழி ஒன்றை உருவாக்குவதில் இருவரும் ஈடுபட்டிருந்தார்கள். அதை வெளியுலகத்துக்குக் கொண்டுவர நிறுவனம் வேகம் காட்டாததால், வெளியே வந்து 1982-ல் தொடங்கிய கம்பெனிதான் அடோபி.

1984-ல் அவர்கள் வெளியிட்ட மொழியின் பெயர் போஸ்ட்ஸ்கிரிப்ட். அடுத்த ஆண்டே ஆப்பிளின் லேசர்ரைட்டர் பிரின்டர் அந்த மொழியைப் பேசிக்கொண்டு சந்தைக்கு வந்தது. டி.டி.பி எனப்படும் டெஸ்க்டாப் பப்ளிஷிங் வளர்ந்ததில் இந்தக் கூட்டணிக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தக் காலத்தில் அச்சகத்துக்கு ஃபைல் அனுப்புவது ஒரு கலை. வடிவமைப்பாளர் தன் கம்ப்யூட்டரில் போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவரைப் போட்டு, அச்சகத்தில் இருக்கும் மெஷினுக்குப் பொருத்தமான விவரக் கோப்பைத் தேர்ந்தெடுத்து, அதில் 'பிரின்ட் டு ஃபைல்' கொடுத்து அந்த ஃபைலை அனுப்புவார். மேஜையில் இருக்கும் தன் சொந்த பிரின்டரின் டிரைவரைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்துவிட்டால், பேப்பர் அளவு, ரெசல்யூஷன் எல்லாம் அந்தக் குட்டி மெஷினுக்கு ஏற்றபடி போய்விடும். எந்த டிரைவரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலேயே பாதி வேலை முடிந்தது.

இந்தத் தலைவலிக்கு 1991-ல் வார்னாக் ஒரு திட்டம் தீட்டினார். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எந்த ஆப்பில் செய்ததாக இருந்தாலும், எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும், ஒரே மாதிரி அச்சாக வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். 1993-ல் அது பி.டி.எஃப் என்ற பெயரில் வெளிவந்தது. 2008-ல் ஐ.எஸ்.ஓ தரநிலையாகவே ஆகிவிட்டது. அதாவது இன்று அது ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் பி.டி.எஃப் உருவாக்கும் ஆப் எழுதலாம்.

சமையல் உதாரணத்தில் சொன்னால், பி.டி.எஃப் சமைத்து முடித்துக் கட்டிய பார்சல். ஒவ்வொரு எழுத்தும் பக்கத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. சரியாக உருவாக்கினால், தேவையான ஃபான்ட்டும் அந்தப் பார்சலுக்குள்ளேயே இருக்கும்.

உங்க போனில் ஒளிந்திருக்கும் பிரின்டர்

இப்போது விஷயத்துக்கு வருவோம். பிரின்ட் கொடுக்கும்போது வரும் பிரின்டர் பட்டியலில், உண்மையான மெஷின்களோடு ஒரு 'பொய் பிரின்டரும்' இருக்கும். அது பேப்பரில் அச்சடிக்காது, பி.டி.எஃப் ஆகச் சேமிக்கும். நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது இதைத்தான்.

ஆண்ட்ராய்டு: 2013-ல் வந்த கிட்கேட் வெர்ஷனிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. ஆப்பின் மெனுவில் 'பிரின்ட்' கொடுங்கள். குரோமில் என்றால் 'ஷேர்' பட்டனுக்குள் 'பிரின்ட்' இருக்கும். திறக்கும் திரையின் மேல் பகுதியில் பிரின்டர் பெயர் காட்டும் இடத்தைத் தட்டி 'சேவ் ஆஸ் பி.டி.எஃப்' தேர்ந்தெடுங்கள். அதன் கீழே இருக்கும் அம்புக்குறியைத் தட்டினால் பேப்பர் அளவு, நேர் அல்லது குறுக்கு என்ற திசை எல்லாம் வரும். அதைப் பார்க்காமல் சேமிக்காதீங்க. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஐபோன்: 'ஷேர்' கொடுத்து 'பிரின்ட்' தட்டுங்கள். பிரின்டர் எதுவும் இணைக்கத் தேவையில்லை. கீழே தெரியும் பக்கத்தின் சின்னப் படத்தை இரண்டு விரலால் விரித்தால் அதுவே பி.டி.எஃப் ஆகத் திறக்கும். அங்கிருந்து மறுபடி 'ஷேர்' கொடுத்து 'ஃபைல்ஸ்' ஆப்பில் சேமித்துக்கொள்ளலாம்.

விண்டோஸ்: 2015-ல் வந்த விண்டோஸ் 10-லிருந்து 'மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பி.டி.எஃப்' கூடவே வருகிறது. தனியாக எதையும் டவுன்லோடு செய்ய வேண்டியதில்லை.

மேக்: பிரின்ட் பெட்டிக்குள்ளேயே 'பி.டி.எஃப்' என்ற பட்டன் இருக்கும். அதில் 'சேவ் ஆஸ் பி.டி.எஃப்'.

இன்னொரு வழியும் உண்டு. வேர்டு, கூகுள் டாக்ஸ் போன்றவற்றில் பிரின்ட் பக்கமே போகாமல், நேராக பி.டி.எஃப் ஆகச் சேமிக்கலாம், டவுன்லோடும் செய்யலாம். 'ரெண்டும் ஒண்ணுதானே?' என்றால், இல்லை. விண்டோஸில் பிரின்ட் வழியாகப் போனால் பக்கத்தின் தோற்றம் மட்டும்தான் போகும். ரெஸ்யூமில் நீங்கள் கொடுத்திருக்கும் லிங்க்டுஇன் லிங்க்கைத் தட்டினால் வேலை செய்யாது. பொருளடக்கத்தைத் தட்டி அத்தியாயத்துக்குப் போகும் வசதியும் போய்விடும்.

அதனால் ஒரு எளிய விதி: ஆப்பிலேயே 'சேவ் ஆஸ்' அல்லது 'எக்ஸ்போர்ட்' இருந்தால் அதற்கு முதலிடம். அந்த வசதி இல்லாத வெப்சைட், டிக்கெட், விண்ணப்பப் படிவம் போன்றவற்றுக்கு 'சேவ் ஆஸ் பி.டி.எஃப்' பிரின்டர். வேர்டில் சேமிக்கும்போது 'ஸ்டாண்டர்டு', 'மினிமம் சைஸ்' என்று இரண்டு வாய்ப்பு கேட்கும். அச்சுக்கு என்றால் ஸ்டாண்டர்டுதான். மினிமம் சைஸ் படங்களைச் சுருக்கிவிடும்.

ஏ4-ஆ, லெட்டரா?

அம்புக்குறியைத் தட்டிப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். நம் ஊர்க் கடைகளில் இருப்பது ஏ4 பேப்பர்: 210 மி.மீ அகலம், 297 மி.மீ உயரம். அமெரிக்காவில் புழங்குவது 'லெட்டர்' அளவு: 215.9 மி.மீ அகலம், 279.4 மி.மீ உயரம். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் லெட்டர் சுமார் 6 மி.மீ அகலம் அதிகம், 17 மி.மீக்கும் மேல் உயரம் குறைவு.

மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்கும் போன், லேப்டாப், சில வெளிநாட்டு ஆப்கள் எல்லாம் தாமாகவே லெட்டரைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கலாம். அந்த ஃபைலை ஏ4 பேப்பரில் அடித்தால், ஓரம் வெட்டுப்படும், அல்லது முழுப் பக்கமும் சுருங்கும்.

சுருங்கினால் என்ன ஆகிவிடப் போகிறது? ரெஸ்யூமுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் இன்டர்நெட்டிலிருந்து ஒரு தையல் பேட்டர்னை டவுன்லோடு செய்து பிரின்ட் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். லெட்டர் பக்கத்தை ஏ4 அகலத்துக்குள் அடக்கினால் சுமார் 97 சதவிகிதமாகச் சுருங்கும். 40 இன்ச் சுற்றளவுக்குப் போட்ட சட்டை 39 இன்ச்சைக்கூடத் தொடாது. துணி வெட்டிய பிறகு தெரிந்து என்ன பயன்? இதனால்தான் நல்ல பேட்டர்ன்களில் ஓரமாக ஒரு சோதனைச் சதுரம் வரைந்திருப்பார்கள். முதல் பக்கத்தை மட்டும் அடித்து, அந்தச் சதுரத்தை ஸ்கேலால் அளந்துவிட்டு மீதியை அடிக்கச் சொல்லுங்கள்.

இன்ஜினீயரிங் டிராயிங், அளவு குறிப்பிட்ட லேபிள், ஸ்டிக்கர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கடையில் சொல்ல வேண்டிய ஒரே வாக்கியம்: "அண்ணா, 'ஃபிட்' வேண்டாம், 'ஆக்சுவல் சைஸ்'ல அடிங்க."

தமிழில் அடித்திருந்தால் இதைப் படிச்சே ஆகணும்!

ஆங்கில ஃபைல் ஓரளவு தப்பித்துவிடும். தமிழ் ஃபைலுக்குத்தான் சோதனை அதிகம். காரணங்கள் இரண்டு.

ஒன்று, பழைய ஃபான்ட்கள். பாமினி, வானவில் போன்ற ஃபான்ட்களில் அடித்த தமிழ், கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை தமிழே இல்லை. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அந்த ஃபான்ட் அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது. ஃபான்ட் இல்லாத இடத்தில் திறந்தால் வேஷம் கலைந்துவிடும். அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்தும் கலந்த குப்பைதான் தெரியும். அரசு அலுவலகம், டைப்பிங் சென்டர், பழைய டி.டி.பி கடையிலிருந்து வாங்கிய ஃபைல் என்றால் இந்த வாய்ப்பு அதிகம். அவர்களிடமே பி.டி.எஃப் ஆகக் கேட்டு வாங்கிவிடுங்கள். அந்த ஃபான்ட் இருக்கும் இடத்திலேயே பார்சல் கட்டப்பட்டுவிடும்.

இரண்டு, யூனிகோடு. இன்று போனில் நாம் அடிப்பது யூனிகோடு தமிழ். இதில் 'கொ' என்று எழுத, கொம்பு எழுத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் போய் உட்கார வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்யத் தெரியாத பழைய டிசைன் மென்பொருளில் ஒட்டினால், கொம்பு தனியாக, கால் தனியாக, நடுவில் ஒரு புள்ளி வட்டத்தோடு சிதறி நிற்கும். அழைப்பிதழில் 'கோமதி' பாட்டியின் பெயர் இப்படி அச்சாகி வந்தால், அந்தக் கல்யாணம் முழுக்க அதுதான் பேச்சு!

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. ஃபான்ட் பி.டி.எஃப்-க்குள் பதிந்திருக்க வேண்டும். வேர்டில் பி.டி.எஃப் ஆகச் சேமிக்கும்போது 'ஆப்ஷன்ஸ்' உள்ளே பி.டி.எஃப்/ஏ என்று ஒரு டிக் பாக்ஸ் இருக்கும். ஆவணங்களை நீண்டகாலம் பாதுகாப்பதற்காக 2005-ல் வந்த தரநிலை அது. ஃபான்ட்களைக் கண்டிப்பாக உள்ளே வைக்க வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. டிக் செய்துவிட்டால் நிம்மதி.

பதிந்ததா என்று பார்க்க, கம்ப்யூட்டரில் அடோபி ரீடரில் ஃபைலைத் திறந்து 'பிராப்பர்ட்டீஸ்' உள்ளே 'ஃபான்ட்ஸ்' பகுதிக்குப் போங்கள். ஃபான்ட் பெயருக்குப் பக்கத்தில் 'எம்பெடெட்' என்று இருந்தால் ஓகே. போன் மட்டும்தான் இருக்கிறதா? நண்பரின் போனுக்கு அனுப்பித் திறக்கச் சொல்லி, ஸ்கிரீன்ஷாட் வாங்குங்கள். உங்கள் ஃபான்ட் இல்லாத போனிலும் சரியாகத் தெரிந்தால், பெரும்பாலும் கடையிலும் சரியாகத் தெரியும்.

பிரின்டுக்கும் போகணும், போர்ட்டலுக்கும் போகணும்

எழுத்து சிதறுது என்பதற்காகச் சிலர் குறுக்கு வழியில் இறங்குவார்கள். பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை பி.டி.எஃப் ஆக மாற்றி அனுப்புவார்கள். அச்சில் எழுத்தின் ஓரம் மங்கலாகத் தெரியும் என்பது ஒரு பக்கம். ரெஸ்யூமாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது பல நிறுவனங்கள் முதலில் மென்பொருளை வைத்துத்தான் ரெஸ்யூமைப் படிக்கின்றன. படமாக இருக்கும் பக்கத்தில் அந்த மென்பொருளுக்கு ஒரு சொல்கூடத் தென்படாமல் போகலாம். உங்கள் படிப்பு, அனுபவம் எல்லாம் இருந்தும் இல்லாத கணக்கு.

இதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். பி.டி.எஃப்-ஐத் திறந்து, தேடும் பெட்டியில் உங்கள் பெயரைத் தட்டுங்கள். கிடைத்தால் உள்ளே எழுத்து இருக்கிறது. கிடைக்கவில்லை என்றால், பெரும்பாலும் உங்களிடம் இருப்பது வெறும் போட்டோ.

கல்யாணப் பத்திரிகை, பேனர்... அச்சகத்துக்குப் போகும் ஃபைல் வேற லெவல்!

ஜெராக்ஸ் கடைக்கு மேலே சொன்னது போதும். பத்திரிகை, விசிட்டிங் கார்டு, புத்தகம் என்று அச்சகத்துக்குப் போகும்போது இன்னும் சில விஷயங்கள் சேர்ந்துகொள்ளும்.

நிறம்: போன் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. அச்சகம் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளில் அச்சடிக்கிறது. திரையில் ஜொலிக்கும் நியான் பிங்க், மையில் அவ்வளவு ஜொலிக்காது. மொத்தமும் அடிக்கும் முன் ஒரு மாதிரிப் பிரதி கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஓரம்: பின்னணி நிறம் பேப்பரின் விளிம்பு வரை போக வேண்டுமென்றால், டிசைனைச் சுற்றிலும் 3 மி.மீ கூடுதலாக நீட்டி வைப்பது வழக்கம். 'பிளீட்' என்பார்கள். வெட்டும்போது கத்தி கொஞ்சம் நகர்ந்தாலும் வெள்ளைக் கோடு தெரியாது.

கேன்வா: இதில் டிசைன் செய்பவர்கள் டவுன்லோடு செய்யும்போது 'பி.டி.எஃப் ஸ்டாண்டர்டு' எடுக்காமல் 'பி.டி.எஃப் பிரின்ட்' எடுங்கள். படங்கள் தெளிவாக இருக்கும்; பிளீட், வெட்டுக் குறிகள் சேர்க்கும் வாய்ப்பும் அங்கேயே இருக்கும்.

எழுத்து: பல அச்சகங்களில் உங்கள் பி.டி.எஃப்-ஐ கோரல்டிராவில் திறந்துதான் வேலை செய்வார்கள். அப்போது அந்த மென்பொருள், எழுத்தை எழுத்தாகவே எடுக்கவா, 'கர்வ்ஸ்' எனப்படும் வரைகோடுகளாக எடுக்கவா என்று கேட்கும். தமிழ் என்றால் "கர்வ்ஸா எடுங்கண்ணா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எழுத்து ஓவியமாக மாறிவிடுவதால், ஃபான்ட் இல்லாவிட்டாலும் சிதறாது. பிறகு திருத்த முடியாது என்பதால், பெயர்களை எல்லாம் வீட்டில் பெரியவர்களிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே அனுப்புங்கள்.

அச்சகத்தில் 'பி.டி.எஃப்/எக்ஸ் கொடுங்க' என்று கேட்டால் பயப்பட வேண்டாம். அச்சுத் தொழிலுக்காகவே உருவான பி.டி.எஃப் வகை அது. நிறம், ஃபான்ட், வெட்டும் அளவு எல்லாம் உள்ளேயே இருக்க வேண்டும் என்பது விதி. இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர் போன்றவற்றில் சேமிக்கும்போதே அந்த வாய்ப்பு வரும்.

அனுப்பும்போது கவனம் பாஸ்!

கஷ்டப்பட்டு பி.டி.எஃப் செய்துவிட்டு, அனுப்பும்போது கோட்டை விடுபவர்கள் உண்டு. படமாக இருக்கும் சான்றிதழை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத்தான் போகும். 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்பினால் தரம் குறையாது.

இன்னொன்று, எங்கு போனாலும் திறக்கும் ஃபைல் என்றால், யார் கையில் கிடைத்தாலும் திறக்கும் என்றும் அர்த்தம். ஆதார், பான் கார்டு, மார்க் ஷீட் எல்லாம் கடை கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் மாசக்கணக்கில் கிடப்பதைப் பார்க்கலாம். பிரின்ட் எடுத்ததும் "அண்ணா, அந்த ஃபைலை டெலிட் பண்ணிடுங்க, ரீசைக்கிள் பின்லயும்" என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். அவர் கம்ப்யூட்டரில் உங்கள் வாட்ஸ்அப்பையோ மெயிலையோ திறந்திருந்தால், லாக் அவுட் செய்துவிட்டு நகருங்கள். போனில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி டிரைவரே தேவைப்படாதா?

போனிலிருந்து வைஃபை பிரின்டருக்கு நேராக அடிக்கும்போது டிரைவர் இன்ஸ்டால் செய்த ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. ஆப்பிள் 2010-ல் ஏர்பிரின்ட் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டு பக்கம் மோப்ரியா என்ற பொதுத் தரநிலை இருக்கிறது. பிரின்டர்கள் எல்லாம் ஒரு பொது மொழியைக் கற்றுக்கொண்டதால், மாடலுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவதில்லை. பிரின்டர் கம்பெனிகளின் தனித்தனி டிரைவர்களுக்கான ஆதரவைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்டும் 2023-ல் அறிவித்துவிட்டது.

டிரைவர்கள் போகலாம். ஆனால் 'யாருடைய கம்ப்யூட்டரில் பக்கம் அமையப் போகிறது?' என்ற கேள்வி போகாது. வேர்டு ஃபைலாக அனுப்பினால், பக்கம் கடைக்காரரின் கம்ப்யூட்டரில் அமையும். பி.டி.எஃப் ஆக அனுப்பினால், உங்கள் கம்ப்யூட்டரிலேயே, உங்கள் கண் முன்னாலேயே அமைந்து முடிந்துவிடும். தப்பு இருந்தால் வீட்டிலேயே தெரியும். திருத்த நேரமும் இருக்கும்.

கிளம்பும் முன் ஒரு நிமிட செக்லிஸ்ட்

1. ஆப்பில் 'எக்ஸ்போர்ட்' இருந்தால் அது. இல்லையென்றால் 'சேவ் ஆஸ் பி.டி.எஃப்' பிரின்டர்.

2. பேப்பர் அளவு ஏ4 தானா?

3. சேமித்த பி.டி.எஃப்-ஐத் திறந்து முதல் பக்கம், கடைசிப் பக்கம், நடுவில் ஒரு டேபிள் பக்கம் - மூன்றையும் பாருங்கள். மொத்தப் பக்க எண்ணிக்கை பொருளடக்கத்தோடு ஒத்துப்போகிறதா?

4. தமிழ் இருந்தால் இன்னொரு போனில் திறந்து பாருங்கள்.

5. உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள்.

6. ஃபைலுக்குப் பெயர் வையுங்கள். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'நிஜ ஃபைனல்' எல்லாம் வேண்டாம். உங்கள் பெயரும் தேதியும் போதும். கடைக்காரரின் திரையில் நாற்பது 'ஃபைனல்'கள் ஏற்கெனவே இருக்கும்.

7. வேர்டு ஃபைலையும் மெயிலில் ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள். கைடு கடைசி நேரத்தில் ஒரு வரி மாற்றச் சொன்னால், திருத்திவிட்டு மறுபடி பி.டி.எஃப் எடுக்க அதுதான் கைகொடுக்கும்.

அவ்வளவுதான். இனி கடையில் "எத்தனை காப்பி?" என்ற ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும்!